ஐயா சொல்லாத வாக்கியம்

மாலை ஆறரை மணி. நடுராத்திரி இல்லை. நடுராத்திரி என்றால் யாராக இருந்தாலும் கொஞ்சம் உஷாராக இருப்பார்கள். தாழ்ப்பாளை இரண்டாவது முறை இழுத்துப் பார்த்திருப்பார்கள், போர்வையைக் கழுத்துவரை ஏற்றியிருப்பார்கள். இது ஊரே விழித்திருக்கும் நேரத்தில், நாற்பது பேர் கூடி உட்கார்ந்திருந்த இடத்தில் நடந்தது. அதுதான் இதில் மோசம்.

அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மூலையில் தனியாக இருப்பவர் இப்படி நடுவில் வந்து உட்காரட்டும். சரி.

ஆறரை மணி... மழை அப்போதுதான் விட்டிருந்தது. மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தை ஒட்டி ஒரு சாலை. ஒரு பக்கம் நீளமான மதில். மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு. அச்சகக் கூரையில் ஒரு தகரம் கழன்று, காற்று வரும்போதெல்லாம் டக்... டக்... என்று அடித்துக்கொண்டிருந்தது. நனைந்த காகித வாடை. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தாள். தோள்பையில், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க். அதற்குள் செத்துப்போன ஒரு மனிதரின் பேச்சு இருந்தது.

அவள் நம் தோழி ஒருத்தியின் அத்தை மகள். படத்தொகுப்பு அவள் தொழில். வெட்டுவதும் ஒட்டுவதுமே பிழைப்பு என்பதால் சிநேகிதர்கள் வைத்த பெயர் கத்திரி. பிறகு சொந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட அம்மாவைத் தவிர ஆள் இல்லை என்ற நிலைமை ஆகிவிட்டது.

செத்துப்போனவர் ஓர் எழுத்தாளர். எல்லோருக்கும் ஐயா. ரயிலில் எதிர் இருக்கைக்காரர் கையில் அவர் புத்தகம் இருந்தால் போதும், இறங்குவதற்குள் இரண்டு பேரும் விலாசம் மாற்றிக்கொள்வார்கள். அப்படி ஒரு பிரியம் அவர்மேல். அவர் இறந்தபோது, ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் எல்லாம் தகப்பனை இழந்ததுபோல அழுதார்கள்.

கத்திரியும் அவரைப் பார்த்ததில்லை. அவளுடைய கல்லூரி நண்பன், கடன் வாங்கிய கேமராவோடு மூன்று வருடம் ஐயாவின் பின்னால் அலைந்து எடுத்த படம் இது. தயாரிப்பாளர் கிடையாது, கம்பெனி கிடையாது, டைரக்டர் என்று அவனை அழைப்பதற்கு அவனையும் கத்திரியையும் தவிர ஆளும் கிடையாது. ஐயா போன பிறகுதான் அவளைக் கூப்பிட்டான். ஆக, ஐயாவோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மாதக்கணக்கில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் பேச்சிலேயே கிடந்தாள். எந்தத் தும்மலுக்கு முன்னால் அவர் மூச்சு எப்படி இழுக்கும், பொய் சொல்லும்போது எந்தச் சொல்லில் குரல் இறங்கும்... எல்லாம் அத்துபடி. எந்தச் சொல் எந்த நாளில் பேசியது என்பதைக்கூடப் பின்னால் கேட்கும் ஓசையை வைத்துச் சொல்லிவிடுவாள். மின்விசிறி கீச்சிட்டால் கோடையில் எடுத்தது. தகரத்தில் மழை விழுந்தால் மாடி அறையில் எடுத்தது. தூரத்தில் ஒரு மெஷின் கிணுங்கினால், ஆஸ்பத்திரியில் எடுத்த கடைசிப் பேட்டி.

சிக்கல் ஐயாவின் மகளால் வந்தது.

ஐயாவுக்கு ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அப்பாவோடு பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் அதைக் காரணமாக எடுத்துக்கொண்டதில்லை. ஐயாவின் நாவல்களில் எல்லோரும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் நாவல், வீட்டை விட்டுப் போன ஒரு மகளைப் பற்றியது. அந்த மகள், இந்த மகள்தான். இவளைக் கேட்காமலேயே எழுதினார். நடந்ததைப் பாதி எழுதினார். மீதிக்கு, இவள் சொல்லாத பேச்சை எல்லாம் இவள் வாயில் வைத்தார். கடைசி அத்தியாயத்தில் அந்த மகள் திரும்பி வந்து அப்பாவின் காலைப் பிடித்து அழுவாள். படித்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். இவள் பெட்டியைக் கட்டினாள்.

குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அவளிடம்தான் இருந்தன. டைரக்டர் போய்க் கேட்டான்.

"என்னைப் பத்தி அவர் ஒரு வார்த்தையாவது பேசியிருக்காராப்பா?"

"பேசியிருக்காருக்கா" என்றான் இவன். வாய்தவறி வந்த பொய்.

"அப்போ முதல் தடவை போடறப்போ நான் வந்து பாக்கறேன். பேசியிருந்தா படத்தை எங்க வேணா போட்டுக்குங்க. இல்லன்னா என் போட்டோ ஒண்ணுகூட அதுல இருக்கக் கூடாது."

உண்மையில் ஐயா பேசவில்லை. ஒரே ஒருமுறை கேட்டதற்கு, "அதை விடுங்க" என்றார். அவ்வளவுதான். புகைப்படங்களை எடுத்துவிட்டால் பாதிப் படம் போய்விடும்.

"ஒரே ஒரு வாக்கியம் கத்திரி. நீ நெனச்சா முடியும்."

"டேய், செத்தவர் வாயில வார்த்தை வைக்கச் சொல்றியா?"

"அந்த அக்கா நிம்மதியா வீட்டுக்குப் போகும்டி. யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கு என்ன நஷ்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கத்திரி தேடினாள். ஐயா தன் நாவலைச் சத்தமாக வாசித்துக்காட்டிய நாளில் "மகளே" கிடைத்தது. பதிப்பாளரைத் திட்டிய இடத்தில் ஒரு "என்னை". வீட்டுப் பூனையின் வாலை மிதித்துவிட்டு அதனிடம் சொன்ன "மன்னிச்சிடு". மூன்றையும் வெட்டி எடுத்து, நடுவில் அவர் தண்ணீர் குடிக்கும் முன் இழுத்த ஒரு மூச்சை வைத்து ஒட்டினாள். மகளே... என்னை மன்னிச்சிடு.

ஒட்டு தெரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் வேறு வேறு நாளின் ஓசை. இதற்கு அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. பேட்டி எடுத்த அறையில் யாரும் பேசாமல், அசையாமல் கொஞ்ச நேரம் இருந்து, அந்த அறையின் வெறும் மௌனத்தைப் பதிவு செய்து வைப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு மௌனம் உண்டு. ஒட்டுப்போட்ட பேச்சுக்கு அடியில் அதைப் போர்வை மாதிரி விரித்தால், எல்லாம் ஒரே மூச்சில் பேசியது போலாகிவிடும். ஐயா இருந்தபோது அந்த மௌனத்தை எடுக்க டைரக்டர் மறந்திருந்தான். அதனால் இப்போது சாவி வாங்கிக்கொண்டு போய், பூட்டிக்கிடந்த அவர் அறையில் ரெக்கார்டரை வைத்து, கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் நின்று எடுத்து வந்தான்.

அதை விரித்தாள். ஒட்டு மறைந்தது. ஜன்னலோரம் முதுகைக் காட்டியபடி ஐயா நிற்கும் ஒரு காட்சியின்மேல் வாக்கியத்தை வைத்தாள். உதடு தெரியாது. அந்தக் காட்சியும் கொஞ்ச நேரம்தான். எடுக்கும்போதே கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டதாம். அதோடு படம் முடிந்தது.

கேட்டுப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

இப்போது அரங்குக்கு வருவோம்.

சாலையின் முடிவில் அந்த மண்டபம். உள்ளே ஈரக் குடைகளின் வாடை, பழைய திரைச்சீலையின் தூசு வாடை. மடக்கு நாற்காலிகள். ஐயாவின் வாசகர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் மூன்றாவது வரிசையில், பக்கத்து இரண்டு நாற்காலியும் காலியாக. மழைக்கோட்டைக் கழற்றவில்லை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் நீர்.

கத்திரி பின்னால், ஹார்ட் டிஸ்கை லேப்டாப்பில் மாட்டிப் படத்தை ஓட்டும் ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். விளக்கு அணைந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

படம் ஓடியது. ஐயா சிரிக்கவைத்தார், சிரித்தார்கள். பூனையைப் பற்றிச் சொன்னார், இன்னும் சிரித்தார்கள். கத்திரி திரையைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையில் அந்த மழைக்கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவே இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. ஜன்னல். முதுகு.

"மகளே... என்னை மன்னிச்சிடு."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டைரக்டர் இருட்டில் திரும்பிக் கத்திரியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். இனித் திரை இருண்டு, நன்றி எழுத்துகள் வர வேண்டும்.

வரவில்லை.

ஐயா அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஜன்னலில் வெளிச்சம் அப்படியே. கத்திரி ஆபரேட்டரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். பேட்டரி தீர்ந்து நின்றுபோன காட்சி... தீராமல் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஸ்பீக்கரில் ஒரு கீச். மின்விசிறி.

"இல்ல."

ஐயாவின் குரல். கோடையில் எடுத்தது. அந்த "இல்ல" கத்திரிக்குத் தெரியும்; காபி வேண்டுமா என்று கேட்டதற்குச் சொன்னது. அவள்தான் வெட்டித் தூக்கி எறிந்தாள்.

தகரத்தில் மழை. "நான்."

ஒரு பேருந்தின் பிரேக். "சொல்லல."

அவள் விரித்த போர்வையை யாரோ உருவியிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் அதனதன் நாளின் காற்றோடு, வெட்டின இடம் பிசிறாக, தனித்தனியாக வந்து விழுந்தது. ஐயாவுக்கு இனிப் புதிதாகப் பேச வாய் இல்லை. பேசி வைத்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்து, வெட்டி, ஒட்டி... அந்த வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம். "என்."

ஆஸ்பத்திரி மெஷின் கிணுங்கியது. "வாயில." கசக்கிறது என்று நர்சிடம் சொன்னது.

அழைப்புமணியின் வால். "யாரு." பேட்டி நடுவில் யாரோ வந்தபோது, கதவைப் பார்த்துக் கேட்டது.

பிறகு புத்தக அலமாரியின் கண்ணாடி கிறீச்சிட... "கை வெச்சது?"

என் வாயில யாரு கை வெச்சது.

திரையில் ஐயாவின் வலது தோள் அசைந்தது. மெல்ல... மிக மெல்ல... அவர் திரும்ப ஆரம்பித்தார். காது தெரிந்தது. கன்னத்தின் ஓரம் தெரிந்தது. அந்தக் கன்னம், படத்தில் இருக்கிற ஐயாவின் கன்னம் இல்லை. செத்துப் பல மாதம் ஆனவரின் கன்னம். கத்திரி அதற்குமேல் பார்க்கவில்லை. பாய்ந்துபோய் லேப்டாப்பிலிருந்த வயர்களை எல்லாம் கொத்தாகப் பிடுங்கினாள்.

திரை அணைந்தது. இருட்டு.

ஆனால் ஸ்பீக்கர்களிலிருந்து மெல்லிய ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியும். பூட்டிய அறையின் மௌனம்.

"எல்லாத்தையும் கழட்டிட்டீங்களேம்மா..." ஆபரேட்டர் கிசுகிசுத்தார். "அப்புறம் இது எங்கேருந்து வருது?"

அப்போது அந்த மௌனமும் நின்றது. அவள் காதுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு சொல்.

"கத்திரி."

ஐயா உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரைக் கேட்டதில்லை. அவர் பேசிய எந்தப் பதிவிலும் அந்தச் சொல் கிடையாது. அவளைவிட நிச்சயமாக அதைச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அதற்குப் பின்னால் மின்விசிறி இல்லை. மெஷின் இல்லை. பேருந்து இல்லை. அந்த மண்டபத்தின் மழைச் சத்தம்தான் இருந்தது.

விளக்கைப் போட்டார்கள்.

பிறகு... கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள்! தாடிக்காரர் ஒருவர் டைரக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்த உடைஞ்ச குரல்... கடைசியில திரையையே அணைச்சீங்களே... அபாரம் தம்பி, அபாரம்" என்றார். டைரக்டர் தலை கால் புரியாமல் கத்திரியிடம் ஓடிவந்தான்.

"அடிப்பாவி! எப்போடி மாத்தின? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, உயிரே போயிடுச்சு!"

கத்திரி வயரை மறுபடி மாட்டி, கடைசிக் காட்சியை ஹெட்போனில் ஓட்டிப் பார்த்தாள். முதுகு. ஜன்னல். மகளே, என்னை மன்னிச்சிடு. இருட்டு. நன்றி. அவள் எப்படிச் செய்தாளோ அப்படியே. வேறு ஒன்றுமில்லை. ஹெட்போனை வாங்கி ஆபரேட்டரும் கேட்டார். கேட்டுவிட்டு அதைத் தொடக்கூடாத பொருள்போல மேஜையில் வைத்தார். தன் பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

மகள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். அந்த மழைக்கோட்டிலேயே.

"அக்கா..." என்றாள் கத்திரி. "முதல்ல வந்த வாக்கியம்... அது வந்து..."

"நீ பண்ணதுதானே? தெரியும்மா. கேட்ட உடனே தெரிஞ்சிடுச்சு." அவள் கோபப்படவில்லை. அதுதான் கத்திரிக்கு இன்னும் பயமாக இருந்தது. "என்னை ஒருநாளும் மகளேன்னு அவர் கூப்பிட்டதில்லை. 'ஏய்'தான். கதையிலதான் மகளே எல்லாம். எழுந்து போயிடலாம்னு இருந்தேன். அப்பதான் 'இல்ல'ன்னார் பாரு..." அவள் சிரித்தாள். சிரித்ததில் கண் நிறைந்துவிட்டது. "அது எங்கப்பா. அச்சு அசல் எங்கப்பா. செத்தும் வீம்பு போகல. அத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்கிட்ட பேசிட்டார் இல்ல? படத்தை எங்க வேணா போடுங்க. ஆனா அந்த 'இல்ல' அதுல இருக்கணும். அது மட்டும் இல்லாம போடக்கூடாது."

கத்திரி தலையாட்டினாள். இல்லாத ஒன்றை எங்கே போய் எடுப்பது என்று எப்படிச் சொல்வாள்?

மகள் படியில் இறங்கி, குடையை விரித்து, நின்றாள்.

"ஜாக்கிரதையா இரும்மா. தன் வாயில யாராவது வார்த்தை வெச்சா அவருக்கு ஆகவே ஆகாது. அடுத்தவங்க வாயில வெக்கிறதுதான் அவருக்குப் பிடிக்கும்."

போய்விட்டாள்.

கத்திரி நாற்காலிகளுக்கு நடுவில் தன் பையைத் தேடி எடுத்து வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. மழை, அச்சகத்து மதில், டக்... டக்... ஓட்டமும் நடையுமாக வந்தாள். பின்னால் யாரும் வரவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிரதான சாலையின் வெளிச்சம் கண்ணில் பட்ட பிறகுதான் போனை எடுத்து உயிர்கொடுத்தாள். வீட்டுக்கு அடித்தாள். வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"எங்கடி இருக்க? எவ்வளவு நேரமா வாசலையே பாத்துட்டு நிக்கிறது? சாரல் அடிச்சு கூடமெல்லாம் தண்ணி."

"ஏம்மா வாசல்ல நிக்கற?"

"நல்லா இருக்குடி கதை! நீதானே போன் பண்ணி, கதவைத் திறந்து வை, வரேன்னு சொன்ன?"

கத்திரி நின்றுவிட்டாள்.

"நான் பண்ணலம்மா. போன் அணைச்சிருந்தது."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? ஆனா என்னமோ ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திப் பேசின. ஒரு வார்த்தைல ரோட்டு இரைச்சல். ஒரு வார்த்தைல நம்ம மிக்ஸி ஓடற சத்தம். நீ வெளில இருக்கும்போது நம்ம மிக்ஸி எப்படிடி கேக்கும்னு அப்பவே நெனச்சேன்..."

"அம்மா. கதவைச் சாத்து."

"என்ன ஆச்சு?"

"சாத்தும்மா! முதல்ல சாத்து!"

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. ஈரத் தரையில் சளக், சளக். கதவின் கீல் முனகியது. சாத்தும் சத்தத்துக்காகக் கத்திரி காத்து நின்றாள். அம்மாவின் அடி பாதியில் நின்றது. அவள் குரல் சட்டென்று தணிந்துவிட்டது, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"ஏண்டி... 'அம்மா'ன்னு கூப்பிட்ட பாரு, அந்த ஒரு வார்த்தை மட்டும்... உன் நாலு வயசுக் குரல்ல இருந்துச்சே. அதை எங்கேருந்து எடுத்த?"